கேரி கல்லறையில் இன்னும் ஓர் இடம்

செப்டம்பர் 23

"பேசத்தான் மாட்டேங்கிற, எழுதவாச்சும் செய்யும்மா" என்று சொல்லிவிட்டு நோரீன் விமானம் ஏறிவிட்டாள். என் மகள். அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் நர்ஸ் வேலை. அப்பாவைப் புதைக்க வந்தவள், லீவு முடிந்து இன்று போய்விட்டாள்.

எழுத என்ன இருக்கிறது? டெஸ்மண்டின் டயரி மேசைமேல் கிடக்கிறது. பேங்கில் ஓசியில் கொடுத்தது. கடைசியாக அவர் எழுதியது செப்டம்பர் 11: "மோட்டார் பெல்ட் மாற்றியாச்சு." மறுநாள் காலை முட்டைக்கு மிளகுத்தூள் தூவிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். டப்பாவைக்கூட மூடவில்லை. மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை. வீணாக்குவானேன் என்று நான் எழுதுகிறேன்.

இன்று தொட்டி கழுவினேன். போர்வைகளைத் துவைத்தேன். காலையில் இரண்டு முட்டை பொரித்தேன். ஒன்று யூனிஸ் அக்காவுக்கு. இன்னொன்று கைப் பழக்கம். பூனைக்குப் போட்டேன்.

அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் என் கண்ணையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டார்கள். பாவம், அவர்களுக்கும் வீட்டில் வேலை இருக்குமல்லவா.

செப்டம்பர் 25

யூனிஸ் அக்காவைப் பற்றி எழுத வேண்டும். இந்த வீட்டில் இனி நாங்கள் இருவர்தான்.

டெஸ்மண்டுக்கு அக்கா. எழுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கான்வென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவள்தான், யார் படிக்கப்போகிறார்கள்.

வெயிலில் நின்றால் தக்காளி மாதிரி சிவந்துவிடுவாள். ஆங்கிலோ இந்தியர்களில் அப்படிச் சிவப்பவர்களும் உண்டு, என் நிறத்தில் இருப்பவர்களும் உண்டு. கேரி குடும்பம் சிவக்கிற குடும்பம். அதில் அவர்களுக்கு மெத்தப் பெருமை. "வி ஆர் டெவன் கேரிஸ்" என்று என் மாமியார் டாஃப்னி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். இங்கிலாந்தில் டெவன் என்ற பக்கத்தில் கேரி என்று ஓர் ஆறு ஓடுகிறதாம். அந்த ஆற்றங்கரைக்காரர்களாம் இவர்கள். திருச்சி கிராப்பட்டியில் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்துக்கொண்டு இந்தப் பேச்சு.

நான் தமிழ்ப் பெண், நல்ல கறுப்பு. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். டெஸ்மண்ட் இன்ஜின் டிரைவர். என்னைப் பார்க்கும் முன்னால் என் குரலைத்தான் கேட்டார். "குரலுக்குக் கலர் கிடையாதே, அதான் பையன் ஏமாந்துட்டான்" என்று மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட் சொன்ன காரணம் வேறு. சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தமிழில் பாட்டுப் பாடிய ஓர் ஆயா மகள் இருந்தாளாம். முகம் மறந்துவிட்டது, குரல் மட்டும் காதில் நிற்கிறது, உன் குரல் அதேதான் என்பார். ஆயா மகள் மாதிரி இருக்கிறேனா என்று ஒரு நாள் பூரா அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று மாமியார் இரண்டு காரியம் செய்தார். அமலோற்பவம் என்ற என் பேரை எமி ஆக்கினார். அதோடு கேரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றார். நானும் சேர்க்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை ஆ. அமலோற்பவம்தான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

செப்டம்பர் 28

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், நானும் யூனிஸ் அக்காவும்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்று ஊரே திரண்டு போய், வெள்ளையடித்த கல்லறைகளில் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அதற்குள் டெஸ்மண்ட் பேரை வெட்டியாக வேண்டும். பேர் இல்லாத கல்லறையைப் பார்த்தால் 'கேட்பாரற்ற பொணமா' என்பார்கள்.

கேரி குடும்பத்துக்கு ஒரே கல்லறை. மேலே பெரிய எழுத்தில் கேரி என்று இருக்கும். அதன் கீழே மாமனார் சிரில், அதன் கீழே டாஃப்னி. ஒருவர் மேல் ஒருவராக உள்ளே இறக்குவது வழக்கம். டெஸ்மண்டை இறக்கிய அன்றே குழி வெட்டுகிறவர் எட்டிப் பார்த்துச் சொன்னார், "இன்னும் ஒரு ஆளு தாங்கும். அதுக்கு மேல எடம் இல்ல." அவர் யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேருமே நிமிர்ந்து பார்த்தோம்.

வாசலில் கல் வெட்டும் மருதை அதையே வேறு மாதிரி கேட்டார். "சார் பேருக்குக் கீழ எடம் விடணுமாம்மா? வர்றவங்க பேரையும் இப்பவே வெட்டிப்புட்டா ஒரே வேலையா போயிரும். எழுத்த மட்டும் கொத்தி வுட்ருவோம், கறுப்பு மை ஏத்த மாட்டோம். உசுரோட இருக்கவங்களுக்கு மை ஆகாது. காலம் வர்றப்ப ஏத்திக்கலாம். புருசன் பொண்டாட்டின்னா அப்படித்தான் செய்யறது."

நான் வாயைத் திறக்கும் முன்னால் யூனிஸ் அக்கா திறந்தாள். "கேரி கல்லறையில கேரிதான். இடம் விடுங்க. பேர் அப்புறம் சொல்றேன்."

மருதை என்னைப் பார்த்தார். நான் வாகை மரத்தைப் பார்த்தேன். அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் ஆங்கிலோ இந்தியர், அந்தப் பக்கம் தமிழாட்கள். நடுவில் சுவரெல்லாம் கிடையாது. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

எனக்கென்ன. எங்கே போட்டாலும் மண்.

திரும்பி வந்து பருப்புப் போட்டேன். பெப்பர் வாட்டர் என்று இவர்கள் சொல்கிற மிளகு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

அக்டோபர் 2

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் சுற்று வழிதான். மண் உள்வாங்கியிருக்கிறது. காலால் தள்ளிச் சமன் செய்தேன். கத்திரிக்காய் வாங்கினேன்.

அக்டோபர் 3

இன்றும் மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5

நோரீன் போன் செய்தாள். குரலில் கொஞ்சம் உற்சாகம்.

"எம்மா, என் வார்டுல ஒரு ஐயா. இடுப்பு எலும்பு ஆபரேஷன். என் பேட்ஜைப் பாத்துட்டு கடகடன்னு சிரிக்கிறாரு. அவரும் கேரியாம்! 'நீ எந்த ஊரு கேரி'ன்னாரு. டெவன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"சிரிக்க என்னடி இருக்கு?"

"இங்கயும் கேரி இருக்காங்களாம்மா, எக்கச்சக்கமா. அதுக்கும் டெவன் ஆத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். பழைய ஐரிஷ் பாஷையில 'கீர்'னா கறுப்பு. கறுப்புங்கிற பேர்ல ஒருத்தன் இருந்திருக்கான், அவன் வம்சம்தான் கேரியாம். அப்புறம் வெள்ளைக்காரன் வந்து இங்கிலீஷ்ல எழுதினதுல ரெண்டும் ஒரே பேரா ஆயிடுச்சாம்."

"அப்ப கருப்பையா பேரன்னு சொல்லு."

"அதேதாம்மா!" சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன். "ஆனா தோல் கறுப்புன்னு இல்ல, முடி கறுப்பா இருந்திருக்கும்னு அந்த ஐயாவே சொல்றாரு. நாம ஆத்துக் கேரியா கறுப்புக் கேரியான்னு யாருக்குத் தெரியும். யூனிஸ் ஆன்ட்டிகிட்ட சொல்லாத, தூக்கு மாட்டிக்கும்."

சொல்ல மாட்டேன் என்றேன். எங்கள் ஊரில் கருப்பையா தெருவுக்கு நாலு பேர். ஒருவரும் அதை மறைத்து ஆற்றின் பேரைச் சொல்லித் திரிந்ததில்லை.

அக்டோபர் 6

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 9

மத்தியானம் சாப்பிடும்போது யூனிஸ் அக்கா ஸ்பூனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எமி, லிசன். அந்த லாஸ்ட் இடம் எனக்குன்னு மம்மி சொல்லிட்டுத்தான் போனா. மருதைகிட்ட நாளைக்கு என் பேரைக் கொடுத்திடறேன். உனக்கு அந்தப் பக்கம், மரத்தைத் தாண்டி, நல்ல நிழல். அது ஒண்ணும் மோசமான இடம் இல்ல."

எனக்கென்ன என்று இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அவர்கூட இத்தனை வருஷம் படுத்தவ நான். செத்தப்புறம் நடுவுல நீங்க வந்து படுப்பீங்களா?"

"கேரி கல்லறை அது."

"கேரியாம் கேரி! பேருக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு? அயர்லாந்துல கேட்டுட்டு வந்து சொல்றா உங்க மருமக. கேரின்னா கறுப்பன் வம்சம். ஆறும் இல்ல, குளமும் இல்ல. உங்க அப்பா, அம்மா, நீங்க, எல்லாரும் கறுப்பன் வீட்டு ஆளுங்க. நல்லா பெரிய எழுத்துல கல்லுல வெட்டி வச்சிருக்கீங்க!"

முடியைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆறும் நிஜம்தான் என்பதையும் சொல்லவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் சிவக்கவுமில்லை, வெளுத்துவிட்டது. ஸ்பூனைத் தட்டின் ஓரமாக வைத்தாள். "யார் பக்கம்?" என்றாள், என்னைப் பார்க்காமல். "பப்பா பக்கமா? அவர் பேர்லேயா?"

"கேரி யார் பேரு? உங்க அப்பா பேருதானே?"

எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. ஒன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 10

அவள் சாப்பிடவில்லை. முட்டை இரண்டும் பூனைக்கு. அது இப்போது என்னைவிட நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 11

கஞ்சி வைத்துக் கதவைத் தட்டினேன். "அக்கா, கஞ்சி. குடிச்சிட்டு அப்புறம் கோபப்படுங்க." கதவு ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் காலி, கழுவிக் கவிழ்த்திருந்தது. கழுவுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அக்டோபர் 12

டெஸ்மண்டுக்கு மாதப் பூசை. பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிறகு யூனிஸ் அக்கா பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு மரத்தைத் தாண்டிப் போனாள்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் செய்கிறதுதான். அந்தப் பக்கம் செங்கல் வரப்பு கட்டிய ஒரு மண்மேடு. பேர் கிடையாது. கேட்டால் "ஆயாவுக்கு" என்பாள். செத்த ஆயாவுக்கு ஒரு வத்தி ஏற்றத் தெரிகிறது, உயிரோடு இருக்கிறவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசத் தெரியவில்லை என்று நான் மனதுக்குள் திட்டிக்கொள்வேன். இன்று திரும்பி, "வா" என்றாள். போனேன்.

"இது ஆயா இல்ல" என்றாள். "எங்க அக்கா. மர்ட்டில்."

டெஸ்மண்டுக்கு ஓர் அக்காதான் என்று நினைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவள் நின்றபடியே சொன்னாள். மூத்தவள் மர்ட்டில். பிறந்தபோதே நல்ல கறுப்பு. "உன் பக்கத்துலருந்து வந்துச்சு"ன்னு பப்பா மம்மியைச் சொல்வார். "இல்ல, உன் பக்கம்"னு மம்மி அழுவாள். சாகிறவரைக்கும் இரண்டு பேருக்கும் இதே சண்டை. வீட்டுக்கு ஆபீசர்கள் வந்தால் மர்ட்டில் கையில் டீ ட்ரேயைக் கொடுத்து, இடுப்பில் ஏப்ரனைக் கட்டிவிடுவாள் மம்மி. வந்தவர்கள் வேலைக்காரப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒரு தடவை ஒரு லேடி என்னைக் கேட்டா, அந்தப் பொண்ணு யாருன்னு. எனக்கு எட்டு வயசு. மம்மி என்னையே பாத்துட்டு நிக்கிறா. ஆயா பொண்ணுன்னு சொல்லிட்டேன். மர்ட்டில் ட்ரேயோட அங்கேயே நின்னா. அதுக்கப்புறம் அவ முன் வாசல் வழியா வரவே இல்ல எமி. யாரும் சொல்லல. அவளாவே பின்னால வந்தா."

பதினாறு வயதில் டைபாய்டு வந்து செத்துப்போனாளாம். குடும்பக் கல்லறை இன்னும் வாங்கவில்லை என்று பப்பா இந்தப் பக்கம் புதைத்தார். அடுத்த வருஷமே அதை வாங்கினார்.

"டெஸ்ஸுக்கு அப்ப நாலு வயசு. எப்பப் பாத்தாலும் அவ இடுப்புலதான் இருப்பான். பெரியவனானதும் கேட்டான், நம்ம வீட்டுல பாடுமே அந்த ஆயா பொண்ணு, அது எங்கன்னு. மம்மி, 'அது ஊருக்குப் போயிடுச்சு'ன்னா. நானும் மாத்திச் சொல்லல."

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே இருந்தேன். அந்தக் குரல்தான், அந்தக் குரல்தான் என்று அவர் சொன்னதெல்லாம் கூடப்பிறந்தவளின் குரலை. அது தெரியாமலே போய்விட்டார்.

"அந்தப் பேர் விஷயம் நான் முழுசா சொல்லல அக்கா" என்றேன். "கறுப்பு முடியா இருக்கலாம்னு அந்த ஐயா சொன்னாராம். டெவன்ல அந்த ஆறும் நிஜந்தானாம். ரெண்டு கேரியும் உண்டு, நாம எதுன்னு யாருக்கும் தெரியாதாம்."

"சும்மா இரு" என்றாள். "பப்பாவுக்கு ஆறு வேணும்னு இருந்துச்சு, எடுத்துக்கிட்டார். எனக்கு இது வேணும். எங்க எல்லாரையும்விட இவதான் கேரி."

வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 13

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் முழுசாக ஒரு பெண்ணையே மறைத்திருக்கிறார்கள்.

நோரீன் என் நிறம். அவள் சின்னவளாக இருக்கும்போது விருந்தாளி வந்தால் யூனிஸ் அக்கா ஓடி வந்து, நான் குழந்தையை எங்கே வைத்திருந்தாலும் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் நடு நாற்காலியில் உட்கார வைப்பாள். மாமியார் முறைப்பார். "இவ இங்கதான் உக்காருவா" என்பாள் யூனிஸ் அக்கா. மாமியாரை வெறுப்பேற்றத்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயோ கடவுளே, நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

இதை எழுதும்போதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கண்ணில் ஏதாவது கோளாறா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அக்டோபர் 17

மோட்டார் ஓடவில்லை. டெஸ்மண்ட் மாற்றிய பெல்ட் நழுவியிருந்தது. நானே மாட்டினேன். கையெல்லாம் கிரீஸ்.

நோரீனிடம் மர்ட்டிலைப் பற்றிச் சொன்னேன். "எம்மா, ஆன்ட்டி சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 21

குளியலறையில் யூனிஸ் அக்கா ஏதோ முணுமுணுக்கிறாள். மூன்று நாளாக. ஜெபம் போலிருக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. வயதாகிறது, தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது. இவளும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

அக்டோபர் 24

கடைசி இடத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. அவளே எடுத்துக்கொள்ளட்டும். அம்மாவும் அப்பாவும் இருக்கிற இடம். நான் வாகை மரத்தடிக்குப் போகிறேன். மர்ட்டிலுக்குத் துணை ஆயிற்று. டெஸ்மண்ட் கொஞ்சம் தள்ளி இருப்பார், அவ்வளவுதானே. இன்ஜினோடு லைனில் போனவர், ராத்திரி ராத்திரியாக எத்தனையோ ஊரில் தனியாகத்தான் படுத்திருக்கிறார்.

மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். அவ்வளவுதான் இல்லை. அவர் பக்கத்தில்தான் எனக்குப் படுக்க வேண்டும்.

அக்டோபர் 27

யூனிஸ் அக்கா காலையில் ஆட்டோ பிடித்துத் தனியாக எங்கோ போனாள். கேட்டதற்கு "பல் டாக்டர்" என்றாள். அவள் வாயில் பல்லே கிடையாது, செட்தான்.

மத்தியானம் மருதை போன் செய்தார். "அம்மா, ஒரு சந்தேகம். அந்த வெள்ளைக்காரம்மா வந்து பேரு குடுத்துட்டுப் போச்சு. சரிதானான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"அவங்க பேரு யூனிஸ் கேரி. வெட்டுங்க."

"அதத்தாம்மா கேக்குறேன். சார் பேருக்குக் கீழ வெட்டச் சொன்னது அது பேரு இல்லியே. அமலோற்பவம் கேரின்னு வெட்டச் சொல்லுது. நான் 'என்னம்மா பேரு'ன்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு மெல்ல மெல்ல சொல்லுச்சு, புள்ளைங்க பாடம் ஒப்பிக்குமே அந்த மாதிரி. மூணாந்தரம் சொன்னப்பதான் சரியா வந்துச்சு. எமின்னு சொன்னா போதாதான்னு நானே கேட்டேன், கல்லுல எடமும் மிச்சமாவும். என்னைய ஒரு மொறை மொறைச்சுச்சு பாருங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? அந்தப் பேருதானே? வெட்டிட்டு அப்புறம் மாத்த முடியாது."

"அதுதான் என் பேரு" என்றேன்.

"இன்னொரு சின்னக் கல்லும் சொல்லியிருக்கு. அந்தப் பக்கம் நடணுமாம். அத நவம்பர் ரெண்டுக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். யூனிஸ் அக்கா வந்தாள். "பல் எப்படி இருக்கு?" என்றேன். "ஃபைன்" என்றாள்.

நவம்பர் 2

செவ்வந்திப் பூ, மெழுகுவர்த்தி, சாம்பிராணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். நல்ல கூட்டம். பஜ்ஜிக் கடைகூடப் போட்டிருந்தார்கள்.

கேரி கல்லறை பளிச்சென்று இருந்தது. டெஸ்மண்ட் கேரி, கறுப்பு மையில். அதன் கீழே அமலோற்பவம் கேரி. வெறும் கொத்து மட்டும், மை இல்லை. வெயில் சாய்வாக அடித்தால்தான் எழுத்து தெரிகிறது. மருதை சொன்னது சரிதான், இடம் போதவில்லை. என் பேர் கல்லின் ஓரம் வரைக்கும் போய் இடித்துக்கொண்டு நிற்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். முதல் தடவையாக என் பேருக்குப் பின்னால் அந்தப் பேர்.

பிறகு மரத்தைத் தாண்டிப் போனோம். மண்மேட்டின் தலைமாட்டில் சின்னக் கல். மர்ட்டில் கேரி. இத்தனை வருஷம் கழித்து ஏற்றிய மை, ஈரம் இன்னும் காயவில்லை போல மின்னியது. அதற்குக் கீழே யூனிஸ் கேரி, மை இல்லாமல்.

"உங்க மம்மி உங்களுக்குச் சொன்ன இடம் அது" என்றேன்.

"மம்மி சொல்லுவா. அவ சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ இங்க கிடக்கறா" என்றாள். குனிந்து மெழுகுவர்த்தியை நட்டாள், காற்றுக்குக் கையால் மறைத்தாள். "இவ்வளவு நாள் தனியா இருந்துட்டா. போதும். நீ போய் அவன்கூட இரு. நான் இவகூட இருக்கேன். இருட்டுல எல்லாம் ஒண்ணுதான், ஆனா கூட ஆள் வேணும்."

சாமியார் இந்தப் பக்கமும் வந்தார். சின்னக் கல்லைப் பார்த்து நின்று, "கேரியா? இங்கயா?" என்றார். "ஆமா ஃபாதர். என் அக்கா" என்றாள் யூனிஸ் அக்கா, சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் தீர்த்தம் தெளித்தார். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வெயில் அவ்வளவு ஒன்றும் இல்லை.

திரும்பும்போது இரண்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டோம்.

நவம்பர் 3

காலையில் வழக்கம்போல இரண்டு முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றினேன். பூனை வந்து காலைச் சுற்றியது. மிளகுத்தூள் டப்பாவை எடுத்தேன். மூடி திறந்தே இருந்தது. அன்று அவர் மூடாமல் வைத்தது. இத்தனை நாளாக நானும் மூடாமல் அப்படியே எடுத்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கவனிக்கவே இல்லை.

மூடினேன்.

பிறகு அழுதேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்காரிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அழுதேன். டெஸ்மண்டுக்காக அழுதேன், பின்வாசல் வழியாக வந்த அந்தப் பெண்ணுக்காக அழுதேன். நிறுத்த முடியவில்லை.

அப்போது ஹாலிலிருந்து அவள் குரல். ஒவ்வொரு எழுத்தாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"அ-ம-லோற்-பவம்! என்ன தீயுது அங்க?"

முட்டை நன்றாகவே தீய்ந்துபோயிருந்தது. ஓரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். பூனைக்கு இன்று ஒன்றும் மிஞ்சவில்லை.